மேல் கோர்ட்டுக்குப் போகும் பெயர்

"நான் மேல் கோர்ட்டிலை தோத்தா என்ரை பெயர் நாடு முழுக்கக் கெட்டுப்போகும்."

எழுபதுகளில் ஒரு மாலை, நாங்கள் குடியேறிய நாட்டின் லிட்கம் ரயில் நிலையத்தில் இதைக் கேட்டுத் திரும்பினேன். சொன்னவருக்கு வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. வேலை முடிந்து வந்த அவர் மனைவி வாங்கில் உட்கார்ந்திருந்தார். கணவர் மட்டும் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தார்.

"ஜட்ஜ் என்ன சொன்னவர்?" என்று மனைவி கேட்டார்.

"பிழை ஃபாக்டரியிலைதான் எண்டு தனக்கு விளங்குதாம். ஆனா இந்த மாநிலத்துப் பெரிய கோர்ட் முந்தி ஒரு வழக்கிலை முதலாளி பக்கம் தீர்ப்புச் சொல்லிப்போட்டுதாம். அதை மீற ஏலாதாம்."

"அப்ப அப்பீல் செய்யுங்கோவன்."

"நாட்டின்ரை மேல் கோர்ட்டிலையும் தோத்தா எல்லா மாநிலத்துக்கும் அதுதான் சட்டம்; அந்தத் தீர்ப்பை என்ரை பெயராலைதான் சொல்லுவாங்கள். எங்களோடை வேலை செய்யிற கிரேக்கப் பொம்பிளைக்கும் அதே மெஷினிலைதான் விரல் போனது; அவவின்ரை வழக்கு இனித்தான் வரப்போகுது. என்ரை பெயரைச் சொல்லி அவவைத் தோக்கடிப்பாங்கள்."

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இண்டைக்கு ஆரோ ஒருத்தற்றை பெயரைச் சொல்லித்தானே உங்களைத் தோக்கடிச்சவங்கள்? நீங்கள் விட்டா, அதே பெயரைச் சொல்லி அவவையும் தோக்கடிப்பாங்கள்."

அவர் நடப்பதை நிறுத்தினார். ரயில் வந்தது. ஏறும்போது சொன்னார்:

"நாளைக்கே லோயருக்குப் போன் எடுப்பம்."