கருவாடு காயாத நாள்

"ஊர்ல ஒரு சாவு விழுந்துச்சு. எனக்கு வியாபாரமே இல்லன்னு எழுதிட்டுப் போயிட்டான்."

காரைக்கால் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில், கருவாட்டுக் கூடையைக் காலடியில் வைத்திருந்த பெண் சொன்னது. பக்கத்தில் இருந்தவர் அவளுக்கு வெப்சைட் போட்டுக்கொடுத்த பிரவுசிங் சென்டர்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"ரூல் அப்படித்தாங்க்கா. இன்டர்நெட்டுல கார்டு மூலமா பணம் வாங்கணும்னா, நெஜமாவே தொழில் நடக்குதான்னு கம்பெனி ஆளு நேர்ல வந்து பாக்கணும்."

"வந்து பாக்கட்டும், வேணாங்கல. சாவு அன்னிக்கா வரணும்? எங்க கருக்களாச்சேரியில பொணத்த வச்சிக்கிட்டு எவன் கடலுக்குப் போவான்? எவ மீனக் காய வைப்பா? அந்த ஆளுகிட்ட சொன்னேனே."

"சொன்னீங்க. அவரு 'தொழில் நடக்கவில்லை'ன்னுதான் எழுதியிருக்காரு. கம்பெனியில தகுதி இல்லன்னுட்டாங்க."

அவள் கூடையின் சாக்கை இழுத்து மூடினாள்.

"செத்தது யாருங்க்கா?"

"எனக்கு மீன் கொடுத்துக்கிட்டிருந்தவன்தான். படகு கவுந்துடுச்சு."

அவர், "திரும்ப அப்ளை பண்ணலாங்க்கா. மறுபடி ஆள் அனுப்புவாங்க" என்றார்.

"அனுப்பட்டும். என்னிக்கு வர்றான்னு மட்டும் முன்கூட்டியே கேட்டுச் சொல்லுங்க தம்பி. அன்னிக்கு யாரும் சாவ வேணாம்னு ஊர்ல சொல்லி வைக்கிறேன்."