ரெண்டு தட்டு, விட்டு ஒன்று

“என் கேசட்டுல உள்ள குப்பையை நான் கூட்டித் தள்ளுவேன். உங்களுக்கு என்னடா வந்துச்சு?” என்று விஜயபாண்டி நடுத்தெருவில் நின்று கத்தியபோது, நான் எதிர்வீட்டு வாசலில் அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அன்றைக்குக் கீரையில் புழு கொஞ்சம் அதிகம். கையும் கண்ணும் கீரையில் இருந்தன. காது மட்டும்தான் தெருவில் இருந்தது. என் காதைப் பற்றிப் போடியில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

“சார், அது குப்பை இல்ல சார். அதுதான் கேசட்டே,” என்று ஃபஹீம் அவரைவிடச் சத்தமாகச் சொன்னான். முத்துப்பாண்டி தன் பங்குக்கு, “அண்ணே, அந்தத் தட்டல எடுத்தீகன்னா நான் உங்கள ஜீப்புல ஏத்த மாட்டேன்,” என்றான். பவித்ரா இருவருக்கும் நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

ஷம்னா, ‘ஐம்பது டிகிரி’ கேசட்டு ரெக்கார்டிங் ஆன கதையைக் கேட்டு நீங்கள் கொச்சியிலிருந்து வந்திருக்கிறீர்கள். புது இசைத்தட்டோடு கொடுக்கிற சிறு புத்தகத்துக்காம். மற்றவர்கள் சொன்னதை எழுதி, எனக்கு வாசித்தும் காட்டினீர்கள். நன்றாக வந்திருக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் தப்பு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் உட்காரச் சொன்னேன். டீயைக் குடியுங்கள், ஆறுகிறது.

முதலில் இந்த ரசிகர்களைச் சொல்லிவிடுகிறேன். முத்துப்பாண்டி மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புக்காரன். ஜீப்பு இருக்கைக்கு அடியில் கிடந்த அந்தப் பழைய கேசட்டை எடுத்து வந்தது அவன். செல்போன் கடை வைத்திருந்த ஃபஹீம் அதைத் துடைத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, உலகத்துக்கு விட்டான். பவித்ரா காலேஜில் பிசிக்ஸ் நடத்துகிறவள். மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் பக்கத்து வீடான ஃபஹீம் வீட்டு மாடியறையில் கூடிவிடுவார்கள். செருப்பைக் கழற்றிப் போட்டு, ஃபேனைக்கூட நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். பாட்டும் இல்லை, பாடுகிறவரும் இல்லை. ஒரு கீபோர்டு, ஒரு தாளப்பெட்டி. ரைஸ்மில் பக்கத்தில் படுத்திருப்பது போல இருக்கிறது என்று நான் சொல்வேன். ஜப்பான்காரன் ஒருவன் கேட்டு அழுதேன் என்று எழுதியிருந்தானாம். அழட்டும், நமக்கென்ன. நான் டீ கொடுக்கிற சாக்கில் போய்க் கதவோரம் நின்றுகொள்வேன்.

விஜயபாண்டி இளவட்டமாக இருந்த காலத்தில் கச்சேரிக் குழுவில் வாசித்தவர். குழுவின் கீபோர்டை இரவல் வாங்கிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய், காய் உலர்த்துகிற ஸ்டோருக்குள் உட்கார்ந்து அதை ரெக்கார்டு செய்தார். தடித்த சுவர், வெளிச்சத்தம் நுழையாது. வெளியே அடுப்பில் கட்டை எரியும். அந்தச் சூடு இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் ஓடும். சூடு ஏற ஏற, பழைய கீபோர்டின் சுருதி மெல்ல மெல்ல இறங்கும். வேறொருவனாக இருந்தால் நிறுத்தியிருப்பான். அவர் இறங்கின சுருதியோடு தானும் இறங்கி வாசித்துக்கொண்டே போனார். அந்த இடம் வரும்போது பவித்ரா கண்ணைத் திறக்காமல், “இப்ப முப்பத்தஞ்சு டிகிரி... இப்ப நாப்பது...” என்று சொல்லிக்கொண்டு வருவாள். ஐம்பது என்றதும் மூன்று பேரும் பெருமூச்சு விடுவார்கள். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும்.

இரண்டாம் பக்கம் முடிகிற இடத்தில் அந்தத் தட்டல் வரும். ரெண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. மறுபடியும் ரெண்டு, விட்டு ஒன்று. அப்புறம் இல்லை. அது மனிதனின் நெஞ்சுத் துடிப்பு என்பான் ஃபஹீம். தாளப்பெட்டியை வேகம் குறைத்து ஓடவிட்டது என்பாள் பவித்ரா. தேவாரம் ஊர்ப் பக்கத்துக் காட்டில் யானை விரட்டத் தகரம் தட்டுகிற சத்தம் என்று முத்துப்பாண்டி அடித்துச் சொல்வான். சண்டை போட்டு, சமாதானமாகி, திரும்ப அந்த இடத்தையே ஓடவிட்டுக் கேட்பார்கள். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவேன்.

தட்டினது என் கை.

அந்த ஸ்டோருக்கு அடுப்பு எரித்தவர் என் அப்பா ராமர். மறுநாள் என்னைப் பெண் பார்க்கத் தேவாரத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. அதை விஜயபாண்டியிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று மழையில் ஏறிப்போனேன். அவரிடம் ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்காதீர்கள். தெரிந்த சேதியை நாலு பேர் காதில் போடுவது என் சுபாவம், அவ்வளவுதான். அவர் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தார். தட்டினேன். வாசிப்பது நின்றது. மறுபடி தட்டினேன். கதவு திறக்கவில்லை.

எனக்கு வருத்தம் இல்லை. காய் சூட்டில் இருக்கும்போது ஸ்டோர்க் கதவைத் திறக்கக் கூடாது. நடுவில் குளிர்காற்று பட்டால் காயின் பச்சை நிறம் செத்துப்போகும். அப்புறம் ஏலத்தில் அதை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். பெற்ற மகள் என்றும் பாராமல் அப்பா என்னைக் கதவுப் பக்கம் அண்டவிட்டதில்லை. ஊரான் வீட்டுக் காய் கெட்டுவிடக்கூடாது என்று மனுசன் கட்டுப்பட்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தேன். தேவாரத்துக்காரருக்கே வாக்கப்பட்டேன். நல்லவர். போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கப்புறம் பிறந்த ஊருக்கே குடிவந்தேன். எதிர்வீடு விஜயபாண்டியின் பூர்வீக வீடாக அமைந்தது தற்செயல்.

அவர் சென்னையில் என்னென்னவோ வேலை பார்த்து, முடி நரைத்து, சர்க்கரையும் பிரஷருமாகத் திரும்பி வந்தபோதுதான் இந்தப் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. மாலை போட்டார்கள். அவரோ ஒரே வாரத்தில், கேசட்டைத் திருத்திப் புதிதாக வெளியிடப் போகிறேன், முதலில் அந்தத் தட்டலை எடுக்க வேண்டும் என்றுவிட்டார். ஆரம்பத்தில் நான் சொன்ன தெருச் சண்டை அதுதான்.

“உலகம் பூராக் கேக்குறாங்க சார்,” என்றாள் பவித்ரா.

“எவளோ ஒரு சோலியத்தவ வந்து கதவத் தட்டுனா. மாத்திப் போட வேற டேப்பு கையில இல்ல, விட்டுட்டேன். அதப் போயி சாமியாக் கும்பிடுறீக.”

யார் சார் அது என்று ஃபஹீம் கேட்டான்.

“தோட்டத்துக் கழுத எதுவோ. யாருக்குத் தெரியும்?”

நான் கீரையை அலசப் போனேன்.

பிள்ளைகள் அதை நம்பவில்லை என்பது வேறு விஷயம். படைத்தவருக்கே தெரியாமல் சில சங்கதிகள் உள்ளே வந்துவிடும் என்று ஃபஹீம் மாடியில் விளக்கம் கொடுத்தான். ஆனால் விஜயபாண்டி விடவில்லை. சுருதி இறங்குகிற இடத்தோடு தட்டல் ஒட்டிக்கிடப்பதால் அதை மட்டும் வெட்டி எடுக்க முடியவில்லையாம். அதனால் அதே ஸ்டோரில், அதே சூட்டில், பழைய மாதிரிக் கீபோர்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, பழைய டேப்பு மிஷினிலேயே இரண்டாம் பக்கத்தைத் திரும்ப வாசிப்பது என்று முடிவு செய்தார். பிள்ளைகள் மனசில்லாமல் ஒத்தாசை செய்தார்கள். வேறு வழி? கேசட்டு அவருடையது.

இப்போது தோட்டங்களில் எல்லாம் கரண்டு டிரையர் வந்துவிட்டது. அந்தப் பழைய ஸ்டோர் சும்மாதான் கிடந்தது. அங்கே காவல் இருக்கிற பெரியகருப்பன் எனக்குத் தெரிந்தவர். நான் சொல்லித்தான் சாவி கொடுத்தார். அடுப்பு எரிக்கவும் தெரிந்த ஆள் வேண்டுமே, நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். போகிற வழியெல்லாம் முத்துப்பாண்டி பழைய கேசட்டைத்தான் ஓடவிட்டான். தட்டல் வந்தபோது விஜயபாண்டி காதைப் பொத்திக்கொண்டார்.

“இந்த வாட்டி எவளும் கதவுப் பக்கம் வரக்கூடாது. சுப்புத்தாயி, நீ காவலுக்கு இரு. ஸ்டோர் வழக்கம் உனக்குத்தான் தெரியும்,” என்றார். பேச்சுச் சத்தம் உள்ளே கேட்கும் என்று பிள்ளைகளைக் கீழே ஜீப்பு நின்ற இடத்துக்கு அனுப்பிவிட்டார். உள்ளே இருந்த தாழ்ப்பாள் எப்போதோ துருப்பிடித்து விழுந்துவிட்டது. வெளிக் கொண்டி மட்டும்தான் மிச்சம். அதைப் போடாவிட்டால் கதவு நிற்காது, சூடு தங்காது.

நான் கதவைச் சாத்துவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். எத்தனையோ வருஷமாகத் தெரிந்த பதில்தான். அவர் வாயால் கேட்டுவிடலாம் என்று.

“அன்னைக்கு அந்தப் பிள்ளை தட்டுனப்ப, காய் நிறம் போயிருமேன்னுதானே திறக்கல?”

அவர் மிஷினைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

“காய எவன் கண்டான்? எந்திரிக்கச் சோம்பலா இருந்துச்சு.”

அடுப்பில் கட்டை வெடித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்புறம் நான் ஒரு யோசனை சொன்னேன். “முடிஞ்சதும் ரெண்டு தட்டு, விட்டு ஒண்ணு தட்டுங்க. வெறுமன தட்டுனீகன்னா, குழாய் சூட்டுல விரியுற சத்தம்னு இருந்துருவேன்.” நீயும் அந்தப் பயல்களோடு சேர்ந்துவிட்டாயா என்று சிரித்தார். கடைசியில் வருகிற தட்டலை வெட்டி எறிந்துகொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டார். நான் கொண்டியைப் போட்டேன்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், அருமையாக வாசித்தார். வெளிச்சுவரில் அப்பா காலத்துச் சூட்டுமானி இன்னும் இருக்கிறது. அதில் முள் ஏற ஏற, உள்ளே சுருதி இறங்குவது சுவரில் காது வைத்தால் கேட்டது. பவித்ரா சொன்னது அத்தனையும் சரி. ஐம்பது வந்தபோது நானும் பெருமூச்சு விட்டேன். ரைஸ்மில் என்று சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

வாசித்து முடித்தார். தட்டினார். ரெண்டு தட்டு, விட்டு ஒன்று.

கீழே ஜீப்புக்குப் பக்கத்தில் மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். மரக்கதவில் தட்டுகிற சத்தம் சரிவில் அவ்வளவு தெளிவாக இறங்கும். முத்துப்பாண்டி தலைக்கு மேலே கையைக் கூப்பினான். பவித்ரா ஃபஹீமின் தோளில் சாய்ந்து அழுதாள். சார் மனசு மாறிவிட்டார், தட்டலைச் சேர்த்துக்கொண்டார் என்று அவர்களுக்குச் சந்தோஷம். நான் எழுந்துபோய்க் கதவைத் திறந்திருந்தால் அந்தச் சந்தோஷம் என்ன ஆகியிருக்கும்? நீங்களே சொல்லுங்கள். நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். இன்னொரு தடவையும் வாசித்துப் பார்க்கிறார் என்று நினைத்தார்களாம்.

மறுபடியும் ரெண்டு, விட்டு ஒன்று. டேப்பு அதோடு முடிந்திருக்கிறது. நல்லவேளை.

அதற்குப் பிறகு அவர் கூப்பிட ஆரம்பித்தார். சுவர் தடிப்பு, சரிவுக்குக் கேட்காது. கதவோரம் இருந்த எனக்குத்தான் கேட்டது. சுப்புத்தாயி, சுப்புத்தாயி என்று. என் பெயரை அவர் அத்தனை தடவை சொல்லி நான் கேட்டதில்லை. ஒருதடவை, “நீதானா அது?” என்று கேட்டார். கதவைத் தாண்டிப் பதில் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. அடுப்பு அணைகிற மாதிரி இருந்தது. ரெண்டு கட்டை எடுத்து வைத்தேன். அப்புறம் இன்னும் ரெண்டு. சூட்டில் இருக்கும்போது ஸ்டோர்க் கதவைத் திறக்கக் கூடாது. உள்ளே காய் இல்லையே என்பீர்கள். காய் இல்லாவிட்டாலும் வழக்கம் வழக்கம்தானே. நான் ஒற்றைப் பொம்பளை, வழக்கத்தை மீறி என்ன செய்துவிட முடியும்?

தட்டல் போகப்போக மெதுவாக வந்தது. ஆனாலும் அந்த வரிசை மாறவே இல்லை. பாவம், வேறு மாதிரி தட்டினால் குழாய்ச் சத்தம் என்று இருந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார்.

சாப்பாட்டு நேரம் தாண்டி, நன்றாக அமைதியான பிறகு, நானே பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கதவைத் திறந்தேன். கதவுக்குக் கிட்டத்திலேயே கிடந்தார். வயசு, சர்க்கரை, பிரஷர், அந்தச் சூடு, நெஞ்சு நின்றிருக்கும் என்றார் டாக்டர். சூட்டில் வாசிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது அவர்தான் என்று பிள்ளைகள் போலீசில் சொன்னார்கள். தட்டலும் ரெக்கார்டிங்கில் உள்ளதுதான் என்று சொன்னார்கள். என்னிடமும் கேட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்றேன். அழவும் செய்தேன். அது நிஜ அழுகைதான்.

அந்தக் கடைசி ரெக்கார்டிங் வெளிவந்து, பழையதைவிட இதில் தட்டல் ஆழமாக இருக்கிறது என்று ஜெர்மனியில் ஒருவன் எழுதியிருக்கிறானாம். நீங்களும் உங்கள் கட்டுரையில், இரண்டிலும் தட்டியது விஜயபாண்டியே, சாகிறவரைக்கும் தன் தாளத்தை அவர் கைவிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு இடம்தான் தப்பு. பழையதில் தட்டியது நான். புதியதில் தட்டியது அவர். பெயர் போடும்போது மாற்றிப் போட்டுவிடாதீர்கள். ராமர் மகள் சுப்புத்தாய் என்று முழுசாகப் போட்டால் போதும். மற்றதை யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லிக்கொள்ளுங்கள். இந்த வயசில் நான் எங்கே ஓடப்போகிறேன்?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இப்போது இல்லை. ஃபஹீமும் பவித்ராவும் எர்ணாகுளத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அங்கேயே இருந்துவிட்டார்கள். ரெண்டு வீட்டிலும் பெரிய ரகளை. எனக்கு அது ஜீப்புக்குப் பக்கத்தில் அவள் அவன் தோளில் சாய்ந்தபோதே தெரியும். முத்துப்பாண்டி ஜீப்பை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டான். கேசட்டையும் எடுத்துக்கொண்டுதான் போனான். விஜயபாண்டியின் வீடு பூட்டிக் கிடக்கிறது. தெருவில் எனக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. யாராவது வந்தால்தான் உண்டு. நேற்று நீங்கள் கதவைத் தட்டியபோது பார்த்திருப்பீர்களே, முதல் தட்டுக்கே எழுந்து வந்து திறந்தேன். வாசலில் வந்து நிற்கிறவர்களைக் காக்க வைக்கிற புத்தி எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.