சுவேல்மா வீட்டுக்கு சிமெண்ட்

சுவேல்மா வீடுதான? தெரியும் தெரியும். ஸ்மாரா அகதி முகாம்ல அவளத் தெரியாதவங்க யாரு இருக்கா. நீ பாட்டுக்கு ஓட்டு தம்பி, நான் வழி சொல்றேன். நானும் அந்தப் பக்கந்தான் போறேன், அதனாலதான கடைக்காரன் என்ன உன் வண்டில ஏத்திவிட்டான். கண்ணாடிய நல்லா மேல ஏத்திக்க. இல்லாட்டி திந்தூஃப்ல ஏறுன மூஞ்சி ஒண்ணா இருக்கும், முகாம்ல எறங்குற மூஞ்சி ஒண்ணா இருக்கும். எந்த ஊரு நீ? ஓரானா? கடல் ஊர்க்காரன் இந்தக் கல்லுக்காட்டுக்கு லாரி ஓட்ட வந்திருக்கியே, என்ன பாவம் பண்ணுன? எங்க ஆளுங்களுக்குக் கோவம் வந்தா, ஹமாதாவுக்குப் போய்த் தொலைன்னுதான் சாபம் விடுவாங்க. இதான் அந்த ஹமாதா. அந்தக் காலத்துல எவ எவனுக்கு விட்ட சாபமோ, மொத்த சனத்துக்கும் சேத்துப் பலிச்சிடுச்சு.

ஏன் சிரிச்சேனா? சுவேல்மாவுக்கு சிமெண்ட்டுன்னியே, அதுக்குத்தான். நீ புதுசு, உனக்குத் தெரியாது. எங்க முகாம்ல சிமெண்ட்டுங்கறது சும்மா வீடு கட்டுற சாமான் கெடையாது. சிமெண்ட் வாங்குனவ ஊருக்குத் திரும்புற நெனப்ப விட்டுட்டான்னு அர்த்தம். கூடாரம் போட்டுக்கலாம். மண்ணுல கல்லு அறுத்து ஒரு அறை கட்டிக்கலாம். மழை வந்தா கரையும், கரைஞ்சா மறுபடி கட்டிக்கலாம். நாங்க இங்க தங்க வந்தவங்க இல்லைன்னு அந்தச் சுவரே ஊருக்குச் சொல்லும். சிமெண்ட் போட்டா என்ன சொல்லும்? பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து இங்கதான் கெடக்குறோம், எங்களுக்கு வேற நாதி இல்லைன்னு சொல்லும்.

அப்படிப் பாக்காத, நான் பைத்தியம் இல்ல. எங்க ஊர்ல வீடு இருந்துச்சு தம்பி, கடலுக்குப் பக்கத்துல. ஸ்பெயின்காரன் ஆண்டான். ஒரு நாளு, வாடக வீட்டக் காலி பண்றவனாட்டம் மூட்டையக் கட்டுனான். போறவன் சாவிய வீட்டுக்காரங்க கையில குடுக்கணுமா இல்லையா? பக்கத்து வீட்டுக்காரன் கையில குடுத்துட்டுப் போயிட்டான். மேல இருந்து மொராக்கோக்காரன் பூந்தான், கீழ இருந்து மொரித்தானியாக்காரன் பூந்தான். கீழ உள்ளவனுக்குச் செரிக்கல, கொஞ்ச நாள்ல கக்கிட்டுப் போயிட்டான். மேல உள்ளவன் முழுங்கிட்டு ஏப்பம் விட்டுக்கிட்டு இருக்கான். நாங்க கழுதையும் காலுமா இந்தக் கல்லுக்காட்டுக்கு வந்தோம். குளிரு போனதும் திரும்பிடலாம்னு பால் சட்டியக் கூடக் கழுவாம விட்டுட்டு வந்தவ இருக்கா.

மெதுவா போ, முன்னாடி சோதனைச் சாவடி. நான் துணிய மூஞ்சில இழுத்து விட்டுக்கறேன், ஒரே தூசி. நீ கையக் காட்டு போதும், நிறுத்த மாட்டானுங்க. ம், போ.

வாக்கெடுப்பா? எங்க ஊரு யாருக்குன்னு எங்களையே ஓட்டுப் போட்டுச் சொல்லச் சொன்னாங்களே, அதான? பரவால்லயே, லாரி ஓட்டுறவனுக்குக் கூட அது தெரிஞ்சிருக்கு. நடக்கும் தம்பி. உன் பேரன் கல்யாணத்துக்கு மறுநாள் நடக்கும். ஓட்டுப் பட்டியல் எழுதறோம்னு வெளிநாட்டுக்காரனுங்க வெள்ள வெள்ளயா வண்டில வந்தானுங்க. நீ யாரு, உங்கப்பன் யாரு, எந்தக் கெணத்துல தண்ணி குடிச்ச, உன் ஒட்டகத்துக்கு எந்தச் சூடுன்னு கேட்டானுங்க. எங்கப்பன் யாருன்னு எனக்கே சந்தேகம் வர்ற அளவுக்குக் கேட்டானுங்க. கேட்டுட்டுப் போனவனுங்கதான். அதுக்கப்புறம் சமாதானம் பேச தூதருங்க. ஒருத்தன் போனா ஒருத்தன் வருவான். மூணாவது கிளாஸ் டீ குடிக்காம எந்திரிச்சா வீட்டுக்காரிய மதிக்கலன்னு அர்த்தம் எங்களுக்கு. அவனுங்க ரெண்டாவதுலயே வாட்சப் பாப்பானுங்க.

இதுல கருண காட்டுற கூட்டம் ஒண்ணு வேற. வெயில் தணிஞ்சதும் ஐரோப்பாலேருந்து வரும். ஒருத்தி எங்க மண்ணுச் சுவரத் தடவித் தடவிப் பாத்தா. எவ்வளவு அழகு, எவ்வளவு அழகுன்னா. ராத்திரி கரைஞ்சு தலையில விழும், அப்பப் பாரு இன்னும் அழகா இருக்கும்னேன். கூட வந்த பய அத என்னன்னு மாத்திச் சொன்னானோ, அவ கண்ணு கலங்கி என்னக் கட்டிப் புடிச்சிக்கிட்டா. எங்க பெரிய தலைங்க மட்டும் என்ன வாழுதாம். அடுத்த வருசம் நம்ம ஊர்லதான்னு மைக்க முழுங்கிடுற மாதிரி பேசுவாங்க. வீட்டுத் தரை எதுல போட்டிருக்கீங்கன்னு கேளு, தொண்ட கட்டிக்கும்.

சுவேல்மாவா, ஆமா, அவளப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தேன். அவ ஒரு வாயாடி. ரோசம்னா மூக்குக்கு மேல. பக்கத்து வீட்டு மினெத்து மொத மொதல்ல சிமெண்ட் எறக்குனப்ப என்ன பண்ணுனா தெரியுமா? நேரா அவ வாசலுக்குப் போய் நின்னா. என்னடி மினெத்து, ஊர வித்துட்டியா, என்னா வெலைக்குப் போச்சுன்னு தெருவே கேக்குற மாதிரி கேட்டா. மினெத்து பாவம், வெள்ளத்துல வீடு கரைஞ்சு போய் பச்சப் புள்ளைய வச்சிக்கிட்டு நின்னவ.  சுவேல்மா விட்டாளா? அன்னிலேருந்து அந்த வீட்டு டீயத் தொடல. எங்ககிட்ட ஒரு வீட்டு டீய வேணாங்கறது செருப்பால அடிக்கிறதுக்குச் சமம். அடுத்து யாரு யாரு சிமெண்ட் வாங்குனாளோ எல்லாருக்கும் அதே பூசை. கடைசில அந்தத் தெருவுல அவளுக்கு டீ குடிக்க வீடே இல்லாமப் போச்சு.

புருசன் இல்லாமயா? இருக்காரு. லஹ்பீப்னு பேரு. சிமெண்ட் கூடாதுன்னு மொத மொதல்ல கூட்டத்துல எந்திரிச்சிச் சொன்னதே அவருதான். பெரிய சண்டக்காரரு. மொராக்கோக்காரனோட நடந்த சண்டைல ஒரு கீறல் விழல அவருக்கு. சண்ட நின்னுச்சு, எல்லாரும் கையக் குலுக்குனானுங்க, படம் புடிச்சானுங்க. அதுக்கப்புறம் தொலஞ்ச ஒட்டகத்தத் தேடிக்கிட்டு, எங்கள உள்ள விடாம மொராக்கோக்காரன் எழுப்புன அந்த மணல் மதிலுப் பக்கம் போனாரு. கண்ணிவெடி. ரெண்டு காலும் போச்சு. சண்டைல தப்பிச்சவர சமாதானம் தின்னுடுச்சு.

இந்தத் தகரக் கொட்டாய் இருக்கே, ஆட்டுப்பட்டி, அதத் தாண்டி எடது பக்கம் திரும்பு. ஆடு அட்டப்பெட்டி திங்குதேன்னு பாக்காத, அதுக்கும் உதவிப் பொருள்தான்.

அப்புறம் என்ன, உயிரோட இருக்குறாரு. பசங்க தூக்கிக்கிட்டுத் திரிஞ்சானுங்க. பெரியவன் ஸ்பெயினுக்கு, பில்பாவோவுல ஓட்டல்ல தட்டு கழுவப் போயிட்டான். சின்னவன் மறுபடி சண்ட ஆரம்பிச்சதும் எல்லைக்குப் போயிட்டான். சக்கர நாற்காலி ஒண்ணு குடுத்தானுங்க, பளபளன்னு. வீட்டுக்கு உள்ளயும் மணலு வெளியவும் மணலு, சக்கரம் எங்கேருந்து உருளும்? உருளாத நாற்காலியக் குடுத்துட்டு அதுக்குப் பக்கத்துல நின்னு சிரிச்சிப் படம் எடுத்துக்கிட்டானுங்க. அதனால கக்கூசுக்குப் போகணும்னா சுவேல்மாதான் முதுகுல சுமக்கணும். அது வெளிய, முத்தத்துக்கு அந்தாண்ட இருக்கு. அவரு ஆளும் லேசுப்பட்ட ஆளு இல்ல. காலு இல்லைன்னாலும் மிச்சம் கனமாத்தான் இருக்கு.

அதான் கேக்குறியா, ரோசக்காரி எதுக்கு சிமெண்ட் வாங்குனான்னு. பொறு, சொல்றேன். போன வாரம் முதுகுல தூக்கிக்கிட்டு முத்தத்துல எறங்குறா. முட்டி மடங்கிடுச்சு. ரெண்டு பேரும் குப்புற. அவரு மேல, அவ கீழ. கத்தவும் மனசு வரல. கத்துனா யாரு வருவா? எல்லா வீட்டு வாசல்லயும் போய்ச் சண்ட போட்டாச்சே. வெயிலு ஏறுது. அவருக்கு அடக்க முடியாமப் போச்சு, அவ முதுகெல்லாம் நனைஞ்சிடுச்சு. ஆம்பள அழுது பாத்திருக்கியா நீ? சத்தமே வராது. கழுத்துல ஈரம் படும், அவ்வளவுதான்.

யாரு வந்து தூக்குனா தெரியுமா, மினெத்து. செவுத்துக்கு மேல எட்டிப் பாத்தா, ஓடியாந்தா. அவரத் தூக்கி, தொடச்சி, வேற துணி கட்டி, படுக்கைல போட்டா. ஒரு வார்த்த சொல்லல. சொல்லியிருக்கலாம். நானா இருந்தா சொல்லியிருப்பேன், அந்த வாயி எனக்கு. டீ போட்டுக் கொண்டாந்து என் முன்னாடி வச்சா. குடிச்சேன். மூணு கிளாசும் குடிச்சேன்.

என்ன ஏன் பாக்குற, ரோட்டப் பாரு. ஆமா, நாந்தான் சுவேல்மா. உன்கிட்ட மொதல்லயே சொல்லி என்ன ஆகப் போவுது, நீ மூட்ட ஏத்துறவன். திட்டணும்னு தோணுச்சு, திட்டுனேன். தெருக்காரங்க திட்டுறதுக்கு முன்னாடி நானே ஒரு தடவ நல்லாத் திட்டிப் பாத்துக்கலாம்னுதான். பாரு, இப்பவே கதவு கதவா தல எட்டிப் பாக்குது. பாக்கட்டும். அவளுங்களுக்கு இன்னிக்கி பெருநாளு.

அதோ பச்சக் கதவு, அங்க நிறுத்து. முன்னாடி நாற்காலில உக்காந்திருக்காரே, அவருதான். காலைல மினெத்துவ விட்டு வெளிய கொண்டாந்து வைக்கச் சொல்லியிருப்பாரு. சிமெண்ட் வருதான்னு பாக்குறாரு. புதுச் சட்ட வேற.

நானா ஆசப்பட்டு வாங்கல தம்பி, அவரு கேட்டாரு. இத்தன வருசத்துல என்கிட்ட எதுவும் கேட்டதில்ல. விழுந்த அன்னிக்கி சாயங்காலம், மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டு, சுவேல்மா, படுக்கைலேருந்து கக்கூசு வரைக்கும் ஒரு தரை போட்டுக் குடு, மிச்ச காலத்துக்கு நானே உருட்டிக்கிட்டுப் போய்க்கறேன்னாரு. கக்கூசுக்குப் போறது இருக்கட்டும், அது மனுசனுக்கு வேண்டியதுதான். அந்த வாயி ஒவ்வொரு நோம்புக்கும் அடுத்த நோம்பு நம்ம ஊரு வீட்லதான்னு சொன்ன வாயி. நான் நம்புனாலும் நம்பாட்டியும் சொல்லும். இப்ப மிச்ச காலத்துக்குன்னு சொல்லிடுச்சு.

எறங்கு, எறங்கு. ஓரமா அந்தப் பாய் மேல எறக்கு. பாத்து தம்பி, மெதுவா, மூட்ட கிழிஞ்சிடப் போவுது.