தெருமுனைத் தகரம்

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவை முதல் தாளில் எழுதிக்கொண்டபடியே சரி. வயது நாற்பத்தொன்று. தொழில் கிரில் பட்டறை. கீழே பட்டறை, மேலே வீடு. மனைவியும் கைக்குழந்தையும் உடன் இருக்கிறார்கள். இதற்கு முன் என் மேல் வழக்கு எதுவும் இல்லை. விசாரணைக்கு அழைத்ததன் பேரில் இன்று ஆஜராகிச் சொல்வதாவது.

எங்கள் தெரு ஒரே வழியுள்ள முட்டுச்சந்து. ஊரடங்கு அறிவித்த வாரத்தில், நோய் உள்ளே வந்துவிடும் என்று தெருச் சங்கச் செயலாளர் கூட்டம் போட்டார். அவருடைய தகப்பனார் மூச்சுக் கோளாறில் படுத்த படுக்கையாக இருப்பதால் அவருக்கு எல்லோரையும்விடப் பயம் அதிகம். தெருமுனையை அடைத்துவிடுவது என்று முடிவாயிற்று. அதன் பிறகு என் பட்டறையில் கிடந்த தகரத்தையும் இரும்பு ஆங்கிள் சட்டங்களையும் கொண்டு, ஆள் உயரத்துக்கு மேல், சுவருக்குச் சுவர் நான்தான் வெல்டிங் வைத்தேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கும் பயம்தான். "எலிகூட நுழையக் கூடாதுப்பா" என்றார் செயலாளர். நுழையாதபடிதான் செய்தேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

எதிர்வீட்டு போட்டோ ஸ்டுடியோக்காரரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அக்காவுக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யாது. வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். சின்னதாக ஒரு கதவு விடுங்கள் என்று அண்ணன் அப்போதே கேட்டார். அந்த ஆஸ்பத்திரியிலேயே நோய் வந்தவர்களைச் சேர்த்திருக்கிறார்கள், போய் வந்தால் தெருவுக்கே பரவும் என்று செயலாளர் மறுத்தார்.

அந்த வாரம் டயாலிசிஸ் ஒரு முறை தவறிப்போனது. அக்காவின் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டியதால் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்ததை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

சம்பவத்தன்று காலை அண்ணன் ஆம்புலன்ஸை வரவழைத்தார். அது தகரத்துக்கு வெளியே வந்து நின்றது. நாங்கள் இருவரும் அக்காவை நாற்காலியோடு தெருமுனைக்குத் தூக்கி வந்தோம். ஏணியில் ஏற்றும் நிலையில் அவர் இல்லை. வெளியிலிருந்து டிரைவர், "இன்னும் நாலு வீட்டுக்குப் போகணும் சார், ரொம்ப நேரம் நிக்க முடியாது" என்று கத்தினார். நான் பட்டறைக்குப் போய்க் கட்டிங் மிஷினையும் நீள ஒயரையும் எடுத்து வந்தேன். செயலாளர் தகரத்தில் முதுகைக் கொடுத்து, இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார்.

"போக வேணாம்னு சொல்லல. போனா திரும்பி வர மாட்டோம்னு சொல்லிட்டுப் போகட்டும்" என்றார்.

அண்ணன் அதற்கும் சரி என்றார். அக்கா மட்டும் மறுப்பாகத் தலையை ஆட்டி, மூச்சு வாங்கி வாங்கி, "என் வீடு... இது" என்றார்.

மாடியிலிருந்து என் மனைவி, "ஏங்க, நமக்கும் கைக்குழந்தை இருக்கு, மேல வந்துடுங்க" என்று அழைத்தாள். செயலாளர் நின்ற பக்கத்தை விட்டு மறு பக்கத்தில் அறுக்க ஆரம்பித்தேன். பாதியில் மிஷின் நின்றது. திரும்பிப் பார்த்தால் செயலாளரின் மச்சான் என் மீட்டர் பெட்டியிலிருந்து ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார். "வேற யாரு கரண்ட் தர்றாங்கன்னு பாப்போம்" என்றார். இரண்டு வீட்டுக் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. அதன் பிறகு சுத்தியலும் உளியும் வைத்து அடித்தேன். நான் வைத்த வெல்டிங், அசையவில்லை. வெளியே வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. அண்ணன் தகரத்தை உள்ளங்கையால் அடித்து, "போயிடாதீங்க, போயிடாதீங்க" என்றார்.

அப்போது பக்கத்துக் காம்பவுண்ட் சுவருக்கு மேலாக ஒரு ஜங்ஷன் பாக்ஸ் ஒயரோடு என் காலருகே வந்து விழுந்தது. செருகினேன். மிஷின் ஓடியது. மீதியையும் அறுத்தேன். தகரம் செயலாளர் பக்கமாகச் சாய்ந்தது. "விலகுங்க சார்" என்று கத்தினேன், விலகவில்லை. பிடித்தும் நழுவி, தகரத்தின் ஓரம் அவர் முழங்கைக்குக் கீழே கிழித்துவிட்டது. அடிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. காத்திருந்த வண்டியில் அக்காவை ஏற்றிய பிறகு செயலாளரின் கையில் என் துண்டைச் சுற்றி, அதே வண்டியில் முன் சீட்டில் ஏறச் சொன்னேன். முதலில் மறுத்தார். ரத்தம் நிற்காததால் ஏறினார்.

அன்று சாயங்காலம் கையில் தையலோடு அவரும், டயாலிசிஸ் முடிந்து அக்காவும், அந்த ஆஸ்பத்திரியிலிருந்து நான் அறுத்த அதே இடைவெளி வழியாக உள்ளே வந்தார்கள். இருவரையும் யாரும் தடுக்கவில்லை. செயலாளர் தகப்பனார் பக்கம் போகாமல் மொட்டை மாடி அறையில் தனியாக இருப்பதாகக் கேள்வி. அக்கா இப்போது படுத்துத் தூங்குகிறார்.

கரண்ட் கொடுத்தது யார் என்று அய்யா கேட்டீர்கள். அந்தச் சுவர் மூன்று வீட்டுக்குப் பொது. மூன்றில் இரண்டு வீட்டார் ஊரடங்குக்கு முன்பே பூட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டார்கள், மீதி இருப்பது புகார் கொடுத்த செயலாளரின் வீடு, அவர் வெளியே நின்றபோது உள்ளே இருந்தது அவர் மனைவியும் படுக்கையில் இருக்கும் அவர் தகப்பனாரும்தானே என்று அய்யா கேட்டதற்கு, ஒயர் விழுந்ததைத்தான் பார்த்தேன், போட்ட கையைப் பார்க்கவில்லை என்று சொல்கிறேன். வேலை முடிந்ததும் ஒயரைச் சுருட்டிச் சுவர் மேல் வைத்தேன். சற்று நேரம் கழித்துப் பார்த்தபோது அங்கே இல்லை. உரியவர்கள் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. சொன்னது அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)