வடிவு வெட்டாத படம்

கொழும்புக்குத் தோணி ஓடுன காலம்னு சொல்லுவாவ. தாமிரபரணிக் கரையில நொச்சிமடைன்னு ஒரு ஊரு. எங்க ஊருதான். அங்க நயினார், ஆவுடைன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு. அண்ணன் பொண்டாட்டி வடிவு, தம்பி பொண்டாட்டி கோமு. இந்த வடிவு இருக்காள்லா, அவதான் எங்க தாத்தாவப் பெத்த ஆத்தா. ஆனா இது நடக்கும்போது அவளுக்கு இருவத்தஞ்சு வயசுகூட இருக்காதாம்.

ஆவுடைக்கு கொழும்புல ஒரு கடையில வேல. அவன் தங்கச்சி மாடத்தியும் புருசனோட அந்தச் சீமையிலதான் மலைத் தோட்டத்துல இருந்தா. பொங்கலுக்கு ஊருக்கு வாரேன்னு ஆவுடை சொல்லி விட்டிருந்தான். மார்கழில தோணி கெளம்புச்சு. கெளம்புன தோணி கர சேரல. காத்துல கவுந்துட்டுன்னாவ. "ஆவுடை மூட்டையோட துறைக்குப் போனத என் கண்ணால பாத்தேன்"னு ஒரு ஆளு வந்து சொல்லியும்போட்டான்.

தை போச்சு, மாசி போச்சு. பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி எல்லாம் போச்சு. ஆவுடை வரல.

கோமு மட்டும் "வருவாவ, வருவாவ"ன்னே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாளாம். பூ வச்சா, பொட்டு வச்சா. ஊருல ஒவ்வொருத்தியும் ஒரு மாதிரியா பாத்தா.

நயினார் கெட்டவன் இல்ல, அத மொதல்லயே சொல்லிருதேன். தம்பின்னா அவனுக்கு உசுரு. "என் தம்பி தண்ணிக்குள்ள கெடக்கானே! ஆடி அமாவாசைக்காவது ஒரு கை எள்ளுந்தண்ணியும் விடாண்டாமா?"ன்னு அழுவானாம். எள்ளுத்தண்ணி விட்டாச்சுன்னா கோமு தாலிய எறக்கணும். அதான் சங்கதி.

அந்த சமயம் பாத்து ஒரு படம் வந்துச்சு. எழுதப் படிக்கத் தெரியாத சனம்லா, கடுதாசி கெடயாது. ஒரு படத்த எடுத்து அனுப்புனா நாங்க நல்லா இருக்கோம்னு அர்த்தம். ஏழெட்டு கை மாறி வந்த படம், கொண்டாந்து குடுத்தவனுக்கு அது யாருன்னே தெரியாது. படத்துல ஆவுடை நாற்காலில இருக்கான், கோட்டெல்லாம் போட்டு! மடியில மொட்டத் தலையோட ஒரு புள்ள, தலையில சந்தனம். பக்கத்துல மாடத்தி நிக்கா, அவ புருசன் நிக்கான். தாய்மாமன் மடியில வச்சு மொட்ட போட்டு காது குத்துன படம்.

கோமு ஓடி வந்து படத்த நெஞ்சோட சேத்துக்கிட்டா. "நாஞ் சொன்னேம்லா! இருக்காவ!"

நயினார் வாங்கிப் பாத்தான். ஊரே பாத்துச்சு. அணஞ்சபெருமாள்னு ஊருக்குப் பெரிய மனுசன் ஒருத்தர், அவரு படத்த வெயில்ல தூக்கிப் புடிச்சுச் சொன்னாராம்: "இது பழைய படம்டே. மாடத்தியோட மூத்த பயலுக்கு மொட்ட போட்டாவல்லா மூணு வருசத்துக்கு முந்தி, அப்ப எடுத்தது. மஞ்சளாப் பழுத்துப் போயிருக்கு பாரு."

நியாயந்தான! மொட்ட போட்டு சந்தனத்தையும் பூசிட்டா எல்லாப் புள்ளையும் ஒரே மாதிரிதான இருக்கும்? கோமு அப்படியே உக்காந்துட்டாளாம்.

நயினாருக்கு வேற ஒண்ணு தோணிட்டு. தம்பிக்கு மால போட ஒரு படம் வேணும்லா? வேற படமே கெடயாது. வடிவக் கூப்பிட்டு கத்திரியக் கையில குடுத்தான். "இங்கேரு, தம்பிய மட்டும் வெட்டி எடு. மடிப் புள்ள வேண்டாம், உசுரோட இருக்க புள்ள. மொகத்தோட நிறுத்திக்க. நாளைக்குக் கண்ணாடி போட்டுரலாம்."

வடிவு வாசல் வெளிச்சத்துல படத்த வச்சுக்கிட்டு உக்காந்தா. எங்க வெட்டன்னு பாத்தா. அந்தப் பக்கம் மாடத்தி புருசன், லேசுல வெட்டிரலாம். இந்தப் பக்கம் மாடத்தி, நாற்காலிய ஒட்டி நிக்கா. அவ சேலைக்கும் நாற்காலிக்கும் நடுவுல கத்திரிய விடணும். விடப் போனா. நிறுத்திட்டா.

நாற்காலி ஓரத்துல ஏதோ செதுக்குன பூவேலன்னு எல்லாரும் நெனச்சிருந்தாவ, அது பூ இல்ல. திரும்பப் பாத்தா. நாலு வெரலு. மாடத்தி பின்னால இருந்து வந்து, அவ சேலைய இறுக்கிப் புடிச்சிருக்க சின்னஞ்சிறு வெரலு!

எனக்கு இந்த இடம் வந்தாலே புல்லரிக்கும்.

கத்திரியக் கீழ போட்டா. விறுவிறுன்னு போனா. ஆத்தங்கரையில நயினாரும் பெரியவங்களும் அமாவாசைக்கு ஏற்பாடு பேசிக்கிட்டு இருக்காவ. பொம்பள போற எடமில்ல. போனா.

"இங்கேருங்க, ஒங்க தங்கச்சிக்கு எத்தன புள்ள?"

நயினாருக்கு எரிச்சலு. "ஏட்டி, இப்ப அதா முக்கியம்? ரெண்டு."

"ரெண்டாவது எப்பப் பொறந்துச்சு?"

"போன ஐப்பசில. கார்த்திகைல வந்த ஆளு சொன்னாம்லா."

"மூத்தவனுக்கு மொட்ட போடும்போது?"

"அப்ப அவன் ஒருத்தந்தான். ஒனக்கு என்னட்டி வேணும்?"

படத்த நீட்டுனா. "அப்ப மூத்தவன்தான் மடியில இருக்கான்னா, பின்னால நின்னு சேலையப் புடிச்சிருக்க கை யாரு கை?"

எல்லாரும் குனிஞ்சாவ. தலையோட தல முட்டுச்சாம்.

அணஞ்சபெருமாள் விடுவாரா? "தோட்டத்துல புள்ளையளுக்கா பஞ்சம்? அடுத்த வீட்டுப் புள்ளையா இருக்கும்."

"அடுத்த வீட்டுப் புள்ள ஒங்க வேட்டிய இப்படிப் புடிக்குமா பெரியா? சேல கசங்குதது தெரியுது பாருங்க. கறுப்புத் துணிக்குள்ள தலைய விடுத படக்காரனக் கண்டு பயந்து ஆத்தா பின்னால ஒளிஞ்சிருக்கான் மூத்தவன். மடியில இருக்கது சின்னது. ஐப்பசில பொறந்தது மார்கழில தலைய நிறுத்துமா? இது நிமுந்து உக்காந்திருக்கு! தோணி கவுந்து மாசக்கணக்கு ஆனப்பொறவு எடுத்த படம் இது."

"பழுத்திருக்கேட்டி..."

"கடல்தண்ணி பட்டா நீங்களும்தான் பழுப்பிய."

நயினார் படத்தையே பாத்துக்கிட்டு இருந்தானாம். "ஆசையில ஒங்கண்ணு தப்பாப் பாத்திருந்தா? தம்பி தண்ணியில்லாமக் கெடப்பானே வடிவு"ன்னான்.

"எள்ளுத்தண்ணிய அடுத்த அமாவாசைக்கும் விடலாம். எறக்குன தாலிய ஏத்த முடியுமா?"

அம்புட்டுத்தான். நயினார் எந்திரிச்சு வீட்டுக்கு நடந்துட்டான். அந்த ஆடி அமாவாசை தாண்டிச்சு. ஆவணியும் தாண்டிச்சு. ஊரு வடிவ ஏசாத ஏச்சில்ல. செத்தவனப் பட்டினி போட்டவன்னு சொன்னாவளாம். கோமு தண்ணிக்குப் போனா, கூடவே வடிவும் கொடத்தத் தூக்கிக்கிட்டுப் போவாளாம். எவளாவது வாயத் தொறந்தா மொறைக்கதுக்கு.

புரட்டாசில ஒரு நாளு, தகரப் பெட்டியோட ஆவுடை வந்து நிக்கான்! தோணி ஏறப் போனவன், தங்கச்சி புள்ளைக்குக் காய்ச்சல்னு சேதி வந்து மலைக்குத் திரும்பி, அந்தப் புள்ளைக்கு மொட்ட போட்டு முடியுத வரைக்கும் அங்கனயே இருந்திருக்கான். தான் செத்தது அவனுக்கே தெரியாது. வந்ததும் அவன் கேட்ட மொதக் கேள்வி என்னன்னு நெனைக்கிய?

"படம் வந்துச்சா? கோட்டு எப்படி?"

நயினார் ஓங்கி ஒரு அற விட்டான். விட்டுட்டு அவனக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதானாம். கோமு அவன்ட்ட போகல. நேரா அடுப்படிக்குப் போயி வடிவு மேல சாஞ்சுக்கிட்டா.

அன்னையில இருந்து நொச்சிமடைல படத்துல ஆள வெட்டுத வழக்கமே கெடயாது. எவரு செத்தாலும் முழுப் படத்தையும் அப்படியே மாட்டுவோம். மால போட மாட்டோம், கூட இருக்கவங்க உசுரோட இருப்பாவல்லா. செத்தவங்க மொகத்துக்கு நேரா கண்ணாடில ஒரு செவ்வந்திப் பூவ ஒட்டுவோம், அவ்வளவுதான். வெளியூர்ல இருந்து பொண்ணெடுத்தா அந்தப் பிள்ளைக்கு மொதல்ல இதச் சொல்லிக் குடுக்கணும்.

இப்ப போன்லயும் அப்படித்தான். எங்க ஊர்க்காரன் எவனாவது அஞ்சலின்னு ஸ்டேட்டஸ் வச்சான்னா அதுல இருவது பேரு நிப்பாவ, ஆடு மாடோட. பாக்கவன் பதறிப்போயி போன் போட்டு, "எல்லாருமாடே?"ன்னு கேப்பான். "இல்லண்ணே, பூ இருக்க ஆளு மட்டும்"னு சொல்லுவோம். வெட்ட மாட்டோம்.