இழுங்க… நிறுத்துங்க…

அக்கா: மறுபடியும் போடு.

தம்பி: உன் பதிவ மூணு தடவ போட்டாச்சுக்கா. "மெதுவா மூச்ச உள்ள இழுங்க"ங்கற. "நிறுத்துங்க"ங்கற. அடுத்தது நேரா "மறுபடியும் இழுங்க". நடுவுல ஒண்ணு வரணுமா, வேண்டாமா?

அக்கா: வரணும்தான். நீ வெட்டியிருப்ப.

தம்பி: நானா?

அக்கா: உன் பொழப்பே அதுதானே. யார் பேசிப் பதிவு பண்ணினாலும், நடுவுல வர்ற மூச்சு சத்தத்தத் தேடித் தேடி வெட்டி எறியறது. கைப்பழக்கம் போகுமா?

தம்பி: நானும் அப்படித்தான் நினைச்சேன். மூச்சுப் பயிற்சியில மூச்சையே வெட்டின முதல் ஆளு நான்தான்னு தலையில அடிச்சுக்கிட்டேன். அப்புறம் வெட்டாத பதிவ எடுத்துக் கேட்டா… அதுலயும் இல்ல.

அக்கா: …மறந்திருப்பேன்.

தம்பி: ஒரு தடவ மறக்கலாம். பயிற்சி முழுக்கவா? ஒருத்தன் உள்ள இழுத்துக்கிட்டே இருந்தா என்னத்துக்கு ஆவான்? பலூனா ஆகி மேல போவான்.

அக்கா: இந்த ரூம்ல உக்காந்தா என் பேரே மறந்துடும்டா. சுவர் பூரா மெத்தை, ஜன்னல்ல கம்பளி. சத்தம் வரும்னு ஃபேனையும் நிறுத்தி வச்சிருக்க. முட்டை மட்டும் கொண்டாந்து வச்சா குஞ்சு பொரிச்சுடும்.

தம்பி: பேச்ச மாத்தாத. பதிவு பண்ணச் சொன்ன அந்தப் பார்ட்டி பாவம்கா. நீ சொன்னபடியே இழுத்தாராம். நிறுத்தினாராம். அடுத்தது வரும் வரும்னு காத்துக்கிட்டே…

அக்கா: யாராவது சொன்னாத்தான் செய்யணுமா? மூச்சு முட்டினா அது தானா வெளிய வராதா? என்ன ஆளுடா அது?

தம்பி: சொன்னத அப்படியே கேக்கற ஆளு. கொஞ்சம் மண்டுதான். கண்ணு ரெண்டும் பிதுங்கி, கட்டில்லேர்ந்து சரிஞ்சு, பக்கத்துல இருந்த ஸ்டீல் ஜக்க இழுத்துத் தலையில கவுத்துக்கிட்டாராம்.

அக்கா: அய்யய்யோ! …சிரிக்கக் கூடாது. பாவம்.

தம்பி: சிரி, சிரி. அவரே சிரிக்கறாரு. ஆனா நாளைக்குக் காலைல அவருக்கு அடைச்ச அறையில உக்காந்து செய்யற வேலை இருக்கு. போன வாரம் ரெண்டு தடவ பாதியில எழுந்து வெளிய ஓடிட்டாராம். நாளைக்கும் ஓடினா வேற ஆள வச்சுக்குவோம்னு சொல்லிட்டாங்களாம்.

அக்கா: என்ன பண்ணுதாம் அவருக்கு?

தம்பி: நெஞ்சு மேல யாரோ சம்மணம் போட்டு உக்காந்த மாதிரி இருக்காம். எழுந்திருங்கன்னு மரியாதையா சொன்னாலும் எழுந்திருக்க மாட்டேங்கறாங்களாம். கையெல்லாம் ஜில்லுன்னு ஆயிடுதாம். பெரிய ஆம்பள, பாத்ரூம்ல போய் குழாயத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கறாராம்… கோழை.

அக்கா: ஏன்டா அவர இந்தத் திட்டு திட்டற? என் வகுப்புக்கு வரச் சொல்லேன்.

தம்பி: உன் வகுப்பு இப்ப எப்படிப் போகுது?

அக்கா: ஓகோன்னு போகுது. எல்லாரையும் கண்ண மூடச் சொல்லிட்டு, வாசல்ல எத்தன ஜோடி செருப்பு கிடக்குன்னு எண்ணிக்கிட்டிருப்பேன்.

தம்பி: எத்தன?

அக்கா: நேத்து ரெண்டு. அதுல ஒண்ணு என்னுது.

தம்பி: அக்கா!

அக்கா: கண்ண மூடச் சொல்றதே டீச்சர் மூஞ்சிய யாரும் பாக்கக் கூடாதுன்னுதான்டா. ஊருக்கெல்லாம் மன அமைதி. டீச்சருக்கு மட்டும் பல்லக் கடிச்சுக் கடிச்சுத் தாடை வலி.

தம்பி: சரி, மைக் பக்கம் வா. ஒரே ஒரு தடவ ஒழுங்கா சொல்லிடு. சிவப்பு விளக்கு எரியுது… ம்.

அக்கா: முதுக நிமிர்த்தி உக்காருங்க. தோள தளர்த்துங்க. மெதுவா… மூச்ச உள்ள இழுங்க. அப்படியே நிறுத்துங்க. இப்ப… இப்ப… கொஞ்சம் இருங்க.

தம்பி: எவ்வளவு நேரம் இருக்கறது? பஸ்ஸுக்கா நிக்கறான்?

அக்கா: நடுவுல பேசாதடா!

தம்பி: அடுத்தத சொல்லு, பேச மாட்டேன்.

அக்கா: இழுங்க… நிறுத்துங்க… இப்ப வெளிய அனுப்புங்க.

தம்பி: வாட்ச்மேன் வேலைக்கு வந்தியா? வெளிய அனுப்புங்களாம்!

அக்கா: அர்த்தம் ஒண்ணுதானே?

தம்பி: அவருக்கு எதமா சொல்லணும்கா. நீ முன்னெல்லாம் சொல்லுவியே, கேட்டாலே தோள் இறங்கும். ஒரே வார்த்தை. "விடுங்…"

அக்கா: தண்ணி குடு.

தம்பி: இந்தா. குடிச்சுட்டு சொல்லு.

அக்கா: …உன் நெத்தியில என்ன வீக்கம்?

தம்பி: கதவு இடிச்சுடுச்சு.

அக்கா: கிட்ட வா. கதவு வட்டமாவா இடிக்கும்? ஜக்கோட வாய் அளவுக்கு இருக்கு.

தம்பி: தண்ணி போதுமா? இன்னும் ஊத்தவா?

அக்கா: பார்ட்டி எங்கடா இருக்காரு?

தம்பி: …உன் எதிர்லதான்.

அக்கா: அடப்பாவி.

தம்பி: உன் வகுப்ப மூச்சு வியாபாரம்னு அத்தன பேர் முன்னாடி கிண்டல் பண்ணினவன் நான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்து, எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுன்னு நிக்கறது? அதான் ஒரு பார்ட்டிய உண்டாக்கினேன். உண்டாக்கினதுதான் உண்டாக்கினேன், கொஞ்சம் தைரியசாலியா உண்டாக்கியிருக்கலாம்.

அக்கா: அப்ப வேலை போயிடும்னது…

தம்பி: நிஜம். நாளைக்கு அந்த ஸ்டுடியோவுல ஒரு முழுப் புத்தகம் வாசிக்கறாங்க. நான் ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு உக்காரணும். வாசிக்கறவர் ஒரு தடவ மூச்ச இழுத்தாப் போதும்… எனக்கு அடுத்த நொடி கால் தரையில நிக்காது.

அக்கா: எப்பலேர்ந்துடா?

தம்பி: அப்பா போனதுலேர்ந்து. அன்னிக்கு நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுட்டேன்ல, பாக்க தைரியம் இல்லாம. காதுல மட்டும் கேட்டுச்சு. ஒரு மூச்சு… கொஞ்சம் இடைவெளி… இன்னொண்ணு… ரொம்ப இடைவெளி. அடுத்தது வரும்னு நின்னேன். இன்னும் அங்கயேதான்கா நிக்கறேன். யாரு மூச்ச இழுத்தாலும், அடுத்தது வருமான்னு கேட்டுக்கிட்டு.

அக்கா: என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?

தம்பி: நீதான் நல்லா இருந்தியே. எல்லாரும் அழுதப்ப நீ மட்டும் நிமிர்ந்து உக்காந்து வந்தவங்களுக்கெல்லாம் காபி குடுத்துக்கிட்டிருந்த. மூச்சுப் பயிற்சி பண்றவளாச்சே, இவளுக்கு எல்லாம் அடங்கிடுச்சுன்னு நினைச்சேன்.

அக்கா: நானும் அப்படித்தான் நடிச்சேன். நல்லா நடிச்சேன் போல.

தம்பி: நாளைக்கு நீ வந்து பக்கத்துல உக்காந்துக்கறியா?

அக்கா: நான் மூச்சு விடாம உக்காரணுமா, என்ன?

தம்பி: பாத்தியா? இப்ப வந்துடுச்சு அந்த வார்த்தை! மைக் முன்னாடி மட்டும் ஏன் வர மாட்டேங்குது?

அக்கா: இது சும்மா பேச்சுல வந்தது. ஒருத்தர உக்கார வச்சு, அவரப் பாத்து சொல்றது வேற.

தம்பி: என்னப் பாத்து சொல்லு. எனக்கு அது ஒண்ணுதான் வேணும். இழுத்து நிறுத்தினதுக்கு அப்புறம் ஒண்ணு இருக்குன்னு உன் குரல்ல கேட்டுட்டா, நாளைக்கு உக்காந்துடுவேன்.

அக்கா: முடியலடா. வகுப்புலயும் முடியல. இழுங்கன்னு சொல்லுவேன், நிறுத்துங்கன்னு சொல்லுவேன், அப்புறம் மணி அடிச்சுடுவேன். அதான் செருப்பு கொறஞ்சு போச்சு.

தம்பி: ஏன்கா?

அக்கா: அந்தச் சிவப்பு விளக்க அணைடா முதல்ல.

தம்பி: அணைச்சுட்டேன். அன்னிக்கு நீ அப்பாகிட்ட ரகசியமா என்னமோ சொன்னது என் காதுல விழுந்துச்சு, என்னன்னு புரியல. நான் திரும்பறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. இவ்வளவு நாளா கேக்கணும்னு… என்னக்கா சொன்ன?

அக்கா: ரொம்பக் கஷ்டப்பட்டு இழுத்துக்கிட்டிருந்தாருடா. பாக்க முடியல. "போதும்ப்பா, நாங்க பாத்துக்கறோம், மெதுவா விடுங்க"ன்னு சொன்னேன்… எனக்கு விவரம் தெரிஞ்சதுலேர்ந்து நான் சொன்ன ஒண்ணையும் கேக்காத மனுஷன்டா. அத மட்டும்… சொன்ன உடனே கேட்டுட்டாரு.