எத்தனை வயதிலிருந்து பார்க்கலாம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எந்தப் படம் போட்டாலும் எனக்குக் கண் சொக்கிவிடும். கல்லூரியில் எல்லாருக்கும் தெரிந்த கேலி இது. அந்தப் படத்துக்கு மட்டும் நான் தூங்கவில்லை, இன்ஸ்பெக்டர்.

கடைசி வருட மாணவி ஒருத்தி எடுத்த பேய்ப்படம். இருபத்திரண்டு நிமிடம். ஆளில்லாத வீடு, எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். ஒவ்வொரு கதவின் அடியிலும் யாரோ நிற்கிற கால்விரல்கள் தெரியும். அவ்வளவுதான் படம். கல்லூரி விழாவுக்குப் பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள் என்பதால், எத்தனை வயதிலிருந்து பார்க்கலாம் என்று முடிவுசெய்ய எங்கள் மூன்று பேரை உட்காரவைத்திருந்தார்கள்.

நூலகர் அம்மா, "பதினெட்டுன்னு போட்டுடுங்க சார், எதுக்கு வம்பு?" என்றார்.

கேமரா வாத்தியார் சிரித்தார். "இந்தக் காலத்துப் பசங்க இதைப் பார்த்தா விழுந்து விழுந்து சிரிப்பாங்க. ஏழு வயசே போதும். என்ன சார், நீங்க பயந்துட்டீங்களா?"

"எனக்குக் கொட்டாவிதான் வந்தது" என்றேன். முடிவை என் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

நான்கு நாள் வீட்டில் எந்தக் கதவடியையும் பார்க்காமல் நடமாடினேன். குளியலறைக் கதவைத் திறந்துவைத்தே குளித்தேன். மனைவி கேட்டாள், மூச்சு முட்டுகிறது என்றேன். ஐம்பத்து மூன்று வயதுக்காரன் இதை யாரிடம் போய்ச் சொல்வான்? ஏழு வயசே போதுமென்றால் எனக்கு என்ன கோளாறு? ஊகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.

மனைவியின் தங்கை மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். ஏழு வயது. வாண்டு என்றுதான் கூப்பிடுவோம். படம் காட்டுகிறேன் என்றதும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பிவிட்டாள்.

"பெரியப்பா, படத்துல யானை வருமா?"

"வந்தாலும் வரும்."

கல்லூரியில் இரண்டாம் மாடி காலியாக இருந்தது. எடிட்டிங் அறையில் அவளை உட்காரவைத்தேன். திரைச்சீலையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்து, படத்தை ஓடவிட்டு, வெளியே வந்து பூட்டினேன். பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகளுக்குத் தைரியம் வந்துவிடும். அப்புறம் சோதனைக்கு அர்த்தமில்லை.

ஆறாவது நிமிடம் கூப்பிட்டாள். "பெரியப்பா, போதும்." குறித்துக்கொண்டேன்.

ஒன்பதாவது நிமிடம் கதவைத் தட்டினாள். "பெரியப்பா, அங்கதானே இருக்கீங்க? நான் சமத்தா இருக்கேன், திறங்க பெரியப்பா."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு, கால்விரல்கள் கதவடி இடைவெளியில் முட்டும்படி கதவை ஒட்டியே நின்றிருந்தேன். குரல் கொடுத்தால் பயம் தெளிந்துவிடும் என்று வாயைத் திறக்கவில்லை. திடீரென்று தட்டுவது நின்றது. ஒரு அலறல். காலடிச் சத்தம் கதவைவிட்டு விலகி ஓடியது. பிறகு ஜன்னல் திறக்கிற சத்தம். புதுக் கம்பி பொருத்துவதற்காகப் பழையதைக் கழற்றி ஒரு வாரம் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியும்.

கீழே காவலாளி கத்தியபிறகுதான் பூட்டைத் திறந்தேன். அறையில் படம் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளையை வண்டியில் ஏற்றும்போதே உயிர் இல்லை.

பூட்டு சிக்கிக்கொண்டது என்று முதலில் சொன்னேன். அது பொய். ஏழு வயதுக்கு ஆகாது என்பது அவள் முதல்முறை கூப்பிட்டபோதே தெரிந்துவிட்டது. அப்போதே திறந்திருக்கலாம். ஆனால் அவள் அழ அழ, நான்கு நாளாக என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டு வந்தது. முழுசாக இறங்கட்டும் என்று நின்றிருந்தேன்.